விலை விழுந்த காலத்தில் தோட்டத்து ஆட்களை ஏன் கப்பலேற்றினார்கள்?

தம்பி, உங்கள் பாட்டி சொன்ன கதையை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய அப்பா, அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தா, மலாயாவில், அதாவது இன்றைய மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ‘விலை விழுந்த காலத்தில்’ அவரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டில் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரே வரிதான்: 1929ல் நியூயார்க்கில் பங்குச் சந்தை சரிந்தது, உலகமே மந்தத்தில் விழுந்தது. வாழ்நாளில் ஒரு பங்குகூட வாங்காத மனிதரை எங்கோ இருந்த சந்தை எப்படி ஊருக்கு அனுப்பியது, இப்படி மறுபடியும் நடக்குமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சந்தைச் சரிவு மந்தமாக மாறியது எப்படி என்பது ஒன்று. அந்த நஷ்டம் போய் அவர் தலையில் விழுந்தது ஏன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் புத்தகங்கள் நிறைய. இரண்டாவதுதான் நம்முடையது.

நான் பேராக்கில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு முப்பது வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் பாட்டியும் அதே காலத்தில் மரம் வெட்டியவர், அவர் குடும்பம் அனுப்பப்படாமல் தப்பியது. அதனால் இந்த விஷயத்தைப் படிப்பாகவும் அறிவேன், வீட்டுக் கதையாகவும் அறிவேன்.

சந்தையில் இருந்தே தொடங்குவோம். 1929 செப்டம்பர் 3ல், நியூயார்க் சந்தையின் விலைப் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 381 புள்ளியில் நின்றது. அக்டோபர் 28, 29 ஆகிய இரண்டே நாளில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. 1932 ஜூலை 8ல் அது 41 புள்ளி. பழைய 381ஐ மறுபடி தொட 1954 நவம்பர் ஆயிற்று. இவ்வளவு வேகமாக விழுந்ததற்குப் பெரிய காரணம், கடன் வாங்கிப் பங்கு வாங்கியது. கையில் 10 டாலர் இருந்தால் தரகர் 90 டாலர் கடன் கொடுப்பார், 100 டாலருக்குப் பங்கு வாங்கலாம். பங்கு 110 ஆனால் போட்ட பணம் இரட்டிப்பு. 90 ஆனால் போட்ட பணம் மொத்தமும் காலி. அப்போது தரகர் மேற்கொண்டு பணம் கட்டச் சொல்வார், கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார். அவர் விற்பதால் விலை இன்னும் இறங்கும், அடுத்த ஆளுக்கும் அதே கதி. இப்படித் தரகர்கள் வழியாக நின்ற கடன் 1929ல் 800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லிக்கொடுத்த நானே 1997ல் அதில் மாட்டினேன். நாலு வருஷமாக ஆசிரியர் அறையில் பங்குப் பேச்சுதான். ஒரு தரகு நிறுவனத்தில் கடன் கணக்கு வைத்திருந்தேன். விலை இறங்க இறங்க அங்கிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், இத்தனை நாளுக்குள் இவ்வளவு கட்டுங்கள் என்று. முதல் தடவை கட்டினேன். இரண்டாவது தடவை என் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். மூன்றாவது தடவை கட்ட ஒன்றும் இல்லை, அவர்களே விற்றுக் கணக்கை முடித்தார்கள். அன்றுதான் எனக்குப் புரிந்தது, விலை விழும்போது விற்கிறவர்களில் பாதிப் பேர் பயத்தில் விற்பதில்லை, வேறு வழியில்லாமல் விற்கிறார்கள்.

ஆனால் சந்தைச் சரிவு வேறு, பொருளாதார மந்தம் வேறு. புத்தகத்தின் அந்த ஒரு வரி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. 1987 அக்டோபர் 19ல் அதே நியூயார்க் சந்தை ஒரே நாளில் 22 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1929ன் எந்தத் தனி நாளிலும் அவ்வளவு விழவில்லை. ஆனாலும் 1987க்குப் பிறகு மந்தம் வரவில்லை. 1929 சரிவுக்குப் பிறகும்கூட, 1930 ஏப்ரலுக்குள் சந்தை இழந்ததில் பாதியளவு மீண்டுவிட்டது. அதோடு நின்றிருந்தால் உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நிற்காமல் போனதற்கு முதல் காரணம் வங்கிகள். 1930 கடைசியில் இருந்து அமெரிக்க வங்கிகள் வரிசையாக மூடின. 1933க்குள் சுமார் 9,000. சேமிப்புக்குக் காப்புறுதி இல்லாத காலம் அது. ஒரு வங்கி ஆட்டம் காண்கிறது என்று பேச்சு எழுந்தாலே வாசலில் வரிசை நிற்கும், நல்ல வங்கியும் அந்த வரிசையாலேயே விழும். வங்கி விழுந்தால் அதிலிருந்த பணமும் இல்லை, அது கொடுத்துவந்த கடனும் இல்லை. அமெரிக்காவில் புழங்கிய பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணம் குறைந்தால் விலைவாசி இறங்கும். விலை இறங்குவது நல்லதுதானே என்று வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு நான் சொல்லும் உதாரணம் இது. ஒருவர் ரப்பர் ராத்தல் (பவுண்டு எடை) 30 காசு விற்றபோது வட்டிக்குக் கடன் கொடுக்கும் செட்டியாரிடம் 1,000 வெள்ளி (மலாயா டாலர், 100 காசு ஒரு வெள்ளி) கடன் வாங்கித் தோட்டம் போட்டார். கடனை அடைக்க 3,300 ராத்தல் ரப்பர் போதும். ரப்பர் 6 காசுக்கு இறங்கிவிட்டது. இப்போது 16,600 ராத்தல் வேண்டும். கடன் பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை, ஆனால் கடன் ஐந்து மடங்கு கனத்துவிட்டது. அவரால் கட்ட முடியாது, நிலம் செட்டியாருக்குப் போகும். செட்டியாருக்கும் நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும், ஆனால் வாங்க ஆள் இல்லை. மலாயாவில் நிறைய நிலம் இப்படிக் கைமாறியது. பர்மாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1930களின் முடிவுக்குள் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. வேண்டிச் சேர்த்த சொத்தில்லை அது. பிற்பாடு அவர்கள் மேல் எழுந்த பகைக்கு அதுவே விறகாகவும் ஆனது.

இரண்டாவது காரணம் தங்கம். அன்று பெரும்பாலான நாடுகளின் பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. தங்கம் வெளியே போகாமல் இருக்க வட்டியை ஏற்ற வேண்டும், ஊரில் வேலையே இல்லாவிட்டாலும் ஏற்ற வேண்டும். 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் பெரிய வங்கியான கிரெடிட் அன்ஸ்டால்ட் விழுந்தது, நெருக்கடி ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பரவியது, செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. அடுத்த மாதமே அமெரிக்க மத்திய வங்கி தங்கத்தைக் காக்க வட்டியை ஏற்றியது, அதுவும் வங்கிகள் விழுந்துகொண்டிருக்கும்போது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு வலிக்கும்.

எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வங்கிகள் விழுந்ததும் பணம் சுருங்கியதும் மந்தத்தை மோசமாக்கின என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. தங்கத்தைச் சீக்கிரம் விட்ட நாடுகள் சீக்கிரம் எழுந்தன என்பதும் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். முதல் அடி எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. பொருளாதார அறிஞர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் மத்திய வங்கியின் தவறு என்றார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸின் வழி வந்தவர்கள் செலவும் முதலீடும் வற்றியதைச் சொன்னார்கள். நான் இரண்டையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 1930ல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதுதான் மந்தத்துக்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள். உலக வணிகத்தை அது கெடுத்தது உண்மை. ஆனால் கச்சா ரப்பருக்கு அமெரிக்காவில் வரி கிடையாது. அதனால் நம் தோட்டத்தை அடித்தது அந்த வரி இல்லை.

நம் தோட்டத்தை அடித்தது கார். உலக ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காதான் வாங்கியது, அதில் பெரும்பகுதி டயருக்குப் போனது. 1929ல் அங்கே 53 லட்சம் வாகனங்கள் தயாராயின. 1932ல் சுமார் 13 லட்சம். வேலை போனவனும், போய்விடுமோ என்று பயந்தவனும் கார் வாங்குவதைத்தான் முதலில் தள்ளிப்போட்டார்கள். நியூயார்க்கையும் சுங்கை சிப்புட்டையும் கட்டிய கயிறு இதுதான்.

சரி, இத்தோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. ரப்பர் விலை அமெரிக்கச் சரிவுக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு விலை படுத்ததால் 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றுமதிக்கு அளவு வைத்தது. விலை ஏறியது. 1925ல் லண்டனில் ஒரு ராத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து எல்லாரும் மரம் நட்டார்கள், திட்டத்தில் சேராத டச்சு இந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், சிறு தோட்டக்காரர்கள் லட்சக்கணக்கில் நட்டார்கள். 1928 நவம்பரில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பால்மரம் நட்டால் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். 1925ன் விலையைப் பார்த்து நட்ட கன்று எந்த வருஷம் பால் கொடுக்கும் என்று கணக்குப் போடுங்கள். 1931, 1932. டயர் வாங்க ஆளில்லாத நேரத்தில் புது மரங்கள் பால் பொழிந்தன. 1932ல் லண்டன் விலை ராத்தல் இரண்டு பென்ஸ் அளவுக்கு வந்தது. நான்கு ஷில்லிங் என்பது 48 பென்ஸ். நாற்பத்தெட்டு இரண்டாகியது, அவ்வளவுதான்.

விலை இவ்வளவு விழுந்தால் உற்பத்தி குறையும் என்றுதான் பாடம் சொல்கிறது. விலை விழுந்த அளவுக்குக் குறையவில்லை. வெள்ளைக்காரன் தோட்டத்தில் சம்பளம், கிராணி (குமாஸ்தா), துரை பங்களா, லண்டன் ஆபீஸ் என்று செலவு உண்டு. 1930 மே மாதம் தோட்டங்கள் சேர்ந்து ஒரு மாதம் வெட்டை நிறுத்திக்கூடப் பார்த்தன. ஆனால் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) இரண்டு ஏக்கர் மரம் வைத்திருப்பவருக்குக் கூலிச் செலவே இல்லை, தானும் மனைவியும் வெட்டுவார்கள். விலை பாதியானால் அரிசி வாங்க இரண்டு மடங்கு வெட்ட வேண்டும், வெட்டினார்கள். ஒவ்வொருவரும் செய்தது அவரவர்க்குச் சரிதான். எல்லாரும் அதையே செய்ததால் விலை இன்னும் இறங்கியது. மலாயாவின் பண ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. அன்றைய வெள்ளி இங்கிலாந்துப் பவுனோடு, அதாவது ஸ்டெர்லிங் பணத்தோடு, கட்டிய பணம், பவுன் உள்ளே வந்தால்தான் புது நோட்டு வெளியே வரும். ரப்பரும் வெள்ளீயமும் பவுன் கொண்டு வராதபோது ஊரில் புழங்கும் பணமே தானாகச் சுருங்கியது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், நஷ்டம் ஏன் உங்கள் கொள்ளுத்தாத்தா தலையில் விழுந்தது? அமெரிக்காவில் 1933ல் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, அவர்களுடைய நாட்டிலேயே கஞ்சி வரிசையில் நின்றார்கள், ஓட்டுப் போட்டார்கள், அரசை மாற்றினார்கள். தோட்டத்து ஆளுக்கு அந்த இடம் இல்லை. அவரை இங்கே குடியிருப்பவராக யாரும் கணக்கில் வைக்கவில்லை. வேலைக்கு அழைத்துவந்த ஆள், வேலை இல்லாவிட்டால் அனுப்பிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. 1907ல் இருந்தே இதற்கு ஒரு நிதி இருந்தது. தோட்ட முதலாளிகள் ஆள்கணக்குப்படி பணம் கட்டுவார்கள், தமிழ்நாட்டில் இருந்து ஆள் வரும் செலவை அந்த நிதி பார்த்துக்கொள்ளும். விலை ஏறும்போது கொண்டுவந்த அதே நிதி, விலை விழுந்தபோது திருப்பி அனுப்பியது. 1930ல் ஆள் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1931 கணக்கெடுப்பில் மலாயா முழுவதிலும் இந்தியர்கள் சுமார் 6,24,000 பேர்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மிஞ்சியவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். அதற்கு முன் முக்கியமான இடங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயம் இருந்தது. 1930ல் அதை 40, 32 ஆக்கினார்கள். அப்புறம் மேலும் இறங்கி, மோசமான காலத்தில் ஆண் கூலியே 30 காசுக்குக் கீழே போனது. அரிசி விலையும் இறங்கிவிட்டதே, அதனால் வேலையில் இருந்தவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று தோட்ட முதலாளிகள் அன்றே வாதாடினார்கள். இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். அரிசி விலை இறங்கியது உண்மைதான். ஆனால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், கடைக் கடன், கங்காணிக்கு (ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளருக்கு) கட்ட வேண்டியது இவை எதுவும் அரிசியோடு சேர்ந்து இறங்கவில்லை. வாரத்தில் எத்தனை நாள் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில்) பேர் கூப்பிட்டார்கள் என்பதையும் நாள்கூலிக் கணக்கு காட்டாது. பேர் கூப்பிடாத நாளில் லயத்துப் பின்னால் மரவள்ளி நட்டதாக என் பாட்டி சொல்வார். பிற்காலத்தில் ஜப்பான்காரன் வந்தபோது அந்த மரவள்ளிதான் காப்பாற்றியது என்றும் சொல்வார், இரண்டு காலத்தையும் ஒரே மூச்சில் சொல்லி நம்மைக் குழப்பிவிடுவார்.

ஊருக்குப் போனவர்கள் நிலை இன்னும் மோசம். மந்தம் அங்கேயும் இருந்தது. தஞ்சைப் பக்கம் நெல் விலை விழுந்து, நிலம் வைத்திருந்தவனே வரி கட்டத் தடுமாறிய காலம். வெறும் கையோடு இறங்கிய ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால்தான் 1934ல் ரப்பருக்குப் புது சர்வதேசக் கட்டுப்பாடு வந்து விலை எழுந்து, ஆள் எடுப்பதும் மறுபடி தொடங்கியபோது நிறையப் பேர் திரும்பி வந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா சில வருஷம் கழித்து வந்தார் என்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அவர் அனுப்பப்பட்டவரா, நிலைமையைப் பார்த்துத் தானாகவே கிளம்பியவரா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. தானாகக் கிளம்பியவர்களும் அதே கப்பலில்தான் போனார்கள்.

மறுபடி நடக்குமா? சந்தைச் சரிவு கட்டாயம் நடக்கும், நாள் குறித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். 1997 பிப்ரவரியில் 1,271ல் இருந்த கோலாலம்பூர் குறியீடு 1998 செப்டம்பர் 1ல் 262. விழுந்த அளவில் 1929க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 1998ல் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆனாலும் அடுத்த வருஷமே எழுந்தது. வங்கிச் சேமிப்புக்கு அரசு பொறுப்பேற்றது, வாராக்கடனை வாங்க டானாஹர்த்தா என்ற அரசு நிறுவனம் வந்தது, வெள்ளியை (ரிங்கிட்டை) அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டினார்கள். அந்தக் கட்டு எவ்வளவு உதவியது என்பதில் இன்னும் வாதம் உண்டு. வங்கிகளை விழவிடாமல் பிடித்தது உதவியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது வங்கிச் சேமிப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் (மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம்) காப்புறுதி இருக்கிறது. பங்குக்கும் யூனிட் டிரஸ்டுக்கும் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதி) அது கிடையாது, இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் சேமநிதிப் பணத்தை எடுத்து யூனிட் டிரஸ்டில் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் சம்பளமும் கடனும் தெரியாமல் நான் பதில் சொல்லக்கூடாது. ஒன்று மட்டும் சொல்வேன், கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள்.

நஷ்டம் யார் தலையில் விழும் என்ற விஷயத்தில் மாற்றம் குறைவு. 1998லும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்பினார்கள். இன்று சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பாதி மரம் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது. பழைய லயங்களில் வங்காளதேசத்துப் பையன்கள் துணி உலர்த்துகிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் ஆட்களே இளக்காரமாகப் பேசும்போது எனக்குத் தாங்கவில்லை.

பாட்டி நல்ல நினைவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையெல்லாம் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுத்தது? மனைவி பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகப் போனார்களா, யாரையாவது இங்கே விட்டுவிட்டுப் போனார்களா? நாகப்பட்டினத்தில் இறங்கினார்களா, மெட்ராஸிலா? திரும்பி வந்தபோது பினாங்கில் நேராகக் கரைக்கு விட்டார்களா, நோய்ப் பரிசோதனைக்காக ஜெரெஜாக் தீவில் நிறுத்தி வைத்தார்களா? பழைய தோட்டத்திலேயே பேர் பதிந்தார்களா? தோட்டத்தின் பெயரும் ஏறக்குறைய எந்த வருஷம் என்பதும் தெரிந்தால், கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாவின் பழைய கோப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். தனி ஆள் பெயர் கிடைப்பது அரிது, தோட்டத்தின் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும், பாட்டியிடம் இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.